மருத்துவர் யாருடைய ஆள்?

2017 நவம்பர் 5. கிளீவ்லண்ட் கவாலியர்ஸ் அணி சொந்த அரங்கில் அட்லாண்டா ஹாக்ஸோடு ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கால்பகுதியில் பயிற்சியாளர் டைரன் லூ டைம் அவுட் கேட்டார். வீரர்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். கெவின் லவ்வுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு பிடிபடவில்லை, பயிற்சியாளர் சொல்வது காதில் ஏறவில்லை. உடைமாற்றும் அறைக்கு ஓடினார். அங்கிருந்து இன்னோர் அறை, பிறகு வேறொன்று. எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் சிகிச்சை அறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். முந்தைய ஆண்டுதான் சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தவர்.

கிளீவ்லண்ட் கிளினிக்கில் பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மில்வாக்கி பக்ஸுக்கு எதிராக இறங்கி 32 புள்ளிகள் எடுத்தார். மறுபடி ஆட முடிந்ததைவிட, தான் ஏன் பாதியில் போனோம் என்பது யாருக்கும் தெரியாமல் போனதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது என்று சில மாதம் கழித்து அவரே எழுதினார்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2018 ஜனவரியில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியிடம் கவாலியர்ஸ் 148 புள்ளிகள் வாங்கித் தோற்ற நாளில், உடம்பு சரியில்லை என்று லவ் ஆட்டம் முடியும் முன்பே கிளம்பினார். மறுநாள் பயிற்சிக்கும் வரவில்லை. அடுத்து நடந்த அணிக் கூட்டத்தில் சக வீரர்கள் அவரிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்: ஏன் போனாய், ஏன் வரவில்லை? அவர் விளக்கம் சொன்ன பிறகுதான் கூட்டம் ஓய்ந்தது.

வேலைக்கு வராதவன் காரணம் சொல்லத்தான் வேண்டும். நம்மூர் அலுவலகத்திலும் அதே விதிதான். மனசு சரியில்லை என்று யாரும் விடுப்புக் கடிதம் எழுதுவதில்லை. காய்ச்சல் என்று எழுதுகிறோம். மேலாளருக்கும் அது தெரியும், அவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றும் அந்தச் சின்னப் பொய்க்கு அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில், அதாவது என்பிஏவில், இடமில்லை. அங்கே ஒருவர் ஆடாமல் இருந்தால் காரணத்தை ஊருக்கே அறிவிக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நேரப்படி மாலை 5 மணிக்குள் ஒவ்வோர் அணியும் காயப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும்: யார் ஆடவில்லை, எந்த உறுப்பில் என்ன கோளாறு. கணுக்கால், பின்தொடைத் தசை, முழங்கால். மனத்துக்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ‘சொந்தக் காரணம்’ என்ற பெயர்தான்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. அதன் பிறகு இந்தப் பட்டியல் வெறும் தகவலாக இல்லை. ஒருவர் ஆடுவாரா மாட்டாரா என்பதன் மேல் மாநிலம் மாநிலமாகப் பந்தயப் பணம் நிற்கிறது. ஒரு மனிதனின் உடல்நிலைக்கு நிமிடத்துக்கு நிமிடம் விலை ஏறி இறங்கும் வேலையிடம் வேறு எங்கே இருக்கிறது?

வேலையின் அளவையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள்; அவற்றில் பாதி வெளியூரில். அக்டோபர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை இரவு ஆட்டம், நள்ளிரவு விமானம், விடியற்காலையில் வேறொரு ஊர் ஓட்டல். அடுத்தடுத்த இரு நாட்கள் ஆடும் நிலை 2014–15 பருவத்தில் ஓர் அணிக்குச் சராசரியாக 19 முறைக்கு மேல் வந்தது. கழகம் அதை மெல்லக் குறைத்து 2019–20இல் 12 சொச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் தவிர, பயிற்சி, விளம்பர நிகழ்ச்சி, பத்திரிகையாளர் சந்திப்பு எல்லாமே ஒப்பந்தக் கடமைகள். 2020 டிசம்பரில் செய்தியாளர்களிடம் பேச மறுத்த கைரி இர்விங்குக்கு 25,000 டாலர் அபராதம் விழுந்தது.

கழகத்துக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் மனநோயைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வீரரை அணி நீக்கினாலும் சம்பளம் தொடர வேண்டிய நிலைமைகளை அது வகை பிரித்து வைத்திருக்கிறது: திறன் குறைவு, மரணம், ஆட்டத்தில் ஏற்பட்ட காயம், பிற காயமும் நோயும், மனநலக் குறைபாடு. ஐந்தாவது வகைக்குத் தனிப் பெயரே உண்டு. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. இன்றைக்கு இவரால் ஆட முடியாது என்று சொல்லும் உரிமை யாருக்கு? முழங்கால் என்றால் எம்ஆர்ஐ படம் இருக்கிறது. இரு தரப்பு மருத்துவர்களும் ஒரே படத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். மனத்துக்கு அப்படிப் படம் கிடையாது. நோயாளி வாய் திறந்து சொல்வதுதான் சான்று. அந்த வாக்குமூலம் அணியின் சம்பளப் பட்டியலில் உள்ள மருத்துவர் கைக்குப் போகிறது. அடுத்த ஒப்பந்தம் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அதே அணிதான்.

இந்தக் கேள்வியை முதலில் உடைத்துக் கேட்டவர் ராய்ஸ் வைட். ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் 2011–12 பருவத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் அவரே முதலிடம். பொதுப்பட்ட பதற்ற நோய் இருப்பதையும் விமானப் பயணம் தன்னை ஆட்டிவைப்பதையும் மறைத்ததில்லை. தெரிந்தேதான் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 2012 புதுமுக வீரர் தேர்வில் 16வது இடத்தில் அவரை எடுத்தது. சில ஊர்களுக்குப் பேருந்தில் வர அணி ஒப்புக்கொண்டது. செய்தித்தாள்கள் இந்தப் பேருந்தைத்தான் பிடித்துக்கொண்டன. வைட் கேட்டதில் அது சின்னப் பகுதி. தான் ஆடும் மனநிலையில் இருக்கிறேனா என்பதை அணி நிர்வாகம் தீர்மானிக்கக் கூடாது, சுயேச்சையான மனநல மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும் என்பதே அவர் கோரிக்கை.

நிர்வாகத்தின் இடத்தில் நின்றும் பார்க்கலாம். யார் எப்போது ஆடுவார் என்ற முடிவை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் எண்ணி வைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? ஒருவருக்குக் கொடுத்தால் நானூறு பேரும் கேட்பார்களே. ராக்கெட்ஸ் மறுத்தது. வைட் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார், அபராதங்கள் ஏறின. என்பிஏவின் வளர்ச்சிக் கழகத்தில் இருந்த ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸ் அணிக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. 2013 ஜனவரியில் இடைநீக்கம். அந்த மாதக் கடைசியில் சமரசம் வந்து சில ஆட்டங்கள் வைப்பர்ஸுக்கு ஆடினார். கோடையில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். பருவம் தொடங்கும் முன்பே அந்த அணி விடுவித்தது.

இது நீதிமன்றம் ஏறவில்லை. ஏறியிருந்தால் வழக்கறிஞர்கள் முதலில் கையில் எடுத்திருக்கக்கூடிய தீர்ப்பு கூடைப்பந்தைப் பற்றியதே இல்லை. கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் வீரருக்கு வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு; நடந்தால் எலும்பு முறியும் அபாயம். சிறு வண்டியில் போக அனுமதி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தின் பகுதிதான் என்றது பிஜிஏ டூர். 2001இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் மார்ட்டின் பக்கம் நின்றது: பந்தை அடிப்பதுதான் கோல்ஃப், வண்டியில் போவதால் ஆட்டத்தின் அடிப்படை மாறிவிடாது. 1990ஆம் ஆண்டின் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. அது வேலைவாய்ப்பைப் பற்றிய பிரிவின் கீழ் வந்ததில்லை, அதனால் அப்படியே வைட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் அதிலுள்ள கேள்வி கூர்மையானது: ஒரு வேலையில் எது வேலை, எது பழக்கம்? விமானத்தில் போவது கூடைப்பந்தா?

வைட்டின் தோல்வியைப் பார்த்த மற்ற வீரர்கள் என்ன கற்றிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. மில்வாக்கியின் லாரி சாண்டர்ஸ் 4 ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். 2014 டிசம்பரில் சொந்தக் காரணம் என்று அணியைவிட்டு விலகினார். அடுத்த மாதம் போதைப்பொருள் விதிப்படி குறைந்தது 10 ஆட்டங்கள் சம்பளமில்லாத இடைநீக்கம், காரணம் கஞ்சா. பிப்ரவரியில் மீதிப் பணத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவமனையில் சேர்ந்திருந்ததை அப்புறம்தான் ஒரு காணொளியில் சொன்னார். அவர் விஷயத்தில் ஒழுங்கு விதிகள் உடனடியாக வேலை செய்தன. நோய்க்கான வழிகள் கடைசியில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 2023 கூட்டு ஒப்பந்தம் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது என்பதை இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

2018இல் காற்று மாறியது. பிப்ரவரியில், ஆல்-ஸ்டார் வார இறுதியில், டொராண்டோவின் டிமார் டிரோசன் நள்ளிரவு தாண்டி டுவிட்டரில் தன் மனச்சோர்வைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினார். அதைப் படித்துத் துணிவு பெற்ற லவ் மார்ச் 6 அன்று தன் கதையை முழுதாக எழுதினார். மே மாதம் வீரர் சங்கம் வில்லியம் பாராம் என்ற உளவியலாளரை மனநலத் திட்டத்தின் முதல் இயக்குநராக்கியது. 2019 மார்ச்சில் கழகத் தலைவர் ஆடம் சில்வரே, வீரர்கள் பலர் உண்மையிலேயே மகிழ்ச்சியில்லாமல் இருக்கிறார்கள் என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். அந்தச் செப்டம்பரில் அணிகளுக்குச் சுற்றறிக்கை போனது: உரிமம் பெற்ற மனநல நிபுணர் ஒருவரோ இருவரோ வீரர்களுக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவர் அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று எழுதிய திட்டம் வேண்டும், ரகசியக் காப்பு பற்றிய நடைமுறையை வீரர்களுக்கு விளக்க வேண்டும்.

கடைசி விதிதான் உயிர்நிலை. எத்தனை நிபுணர்களை நியமித்தாலும், சொன்னது மேலே போகுமா என்ற சந்தேகம் தீராதவரை வீரர் வாய் திறக்க மாட்டார். உரிமையாளர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது: கோடிக்கணக்கில் முதலீடு செய்கிறோம், கணுக்கால் நிலவரம் தெரிகிறது, மனநிலை தெரியக்கூடாதா? கேட்க நியாயம்போல் இருக்கிறது. ஆனால் கணுக்காலைப் பற்றித் தெரிந்துகொண்டதை எப்படிப் பயன்படுத்துவார்களோ அப்படித்தானே இதையும் பயன்படுத்துவார்கள். அதாவது பேரம் பேச.

வெளிப்படையாகச் சொல்லும் துணிச்சலும் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. லவ் எழுதிய நான்கு மாதத்தில் கவாலியர்ஸ் அவருக்கு 4 ஆண்டுக்கு 12 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர் அதற்குள் ஐந்து முறை ஆல்-ஸ்டார். 2020 தேர்வில் 31வதாக வந்த டைரல் டெரி, பதற்றம் தன்னைத் தின்றுவிட்டது என்று எழுதிவிட்டு 2022 டிசம்பரில் ஓய்வுபெற்றார், வயது 22. பெண்கள் கழகமான டபிள்யூஎன்பிஏவில் நிலைமை இன்னும் இறுக்கம். 1999இல் முதல் தேர்வாக வந்த சமீக் ஹோல்ட்ஸ்க்லா 2004இல் பருவத்தின் நடுவே வாஷிங்டன் அணியிலிருந்து விலகியபோது வதந்திகள் பறந்தன. மனச்சோர்வுதான் காரணம் என்பது பிறகே தெரிந்தது. அந்தக் கழகத்தின் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஒழுங்காகக் கிடைத்ததே 2024இல்தான். அதுவரை ஆறடிக்கு மேற்பட்ட பெண்கள் சாதாரண விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போய் ஆடினார்கள்.

இனி பிலடெல்பியாவின் பென் சிம்மன்ஸ். இந்த விவகாரத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. 2021 ஜூன் 20. அட்லாண்டாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசிக் கால்பகுதியில் மூன்றரை நிமிடம் பாக்கி. வளையத்தின் அடியில் சிம்மன்ஸ்; எதிரே தன்னைவிட மிகக் குள்ளமான டிரே யங் மட்டும். எழும்பிப் போட்டிருந்தால் இரண்டு புள்ளி. அவர் பந்தைப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டார். அந்தத் தொடரில் அவர் வீசிய 45 ஃப்ரீ த்ரோக்களில் 15தான் உள்ளே போயின. அடித்து நிறுத்தினால் மறுபடி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போக வேண்டுமே என்று பயந்தார் என்றே பார்த்தவர்கள் பலர் எண்ணினார்கள். பிலடெல்பியா தோற்றது. கோப்பை வெல்லும் அணிக்கு இவர் பாயிண்ட் கார்டாக இருக்க முடியுமா என்று கேட்டதற்குப் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் தெரியவில்லை என்றார்.

ஆகஸ்டில் சிம்மன்ஸ் வேறு அணிக்கு மாற்றச் சொன்னார். பயிற்சி முகாமுக்கு வரவில்லை. அக்டோபர் 1 அன்று தர வேண்டிய 82.5 லட்சம் டாலரை அணி தனிக் கணக்கில் நிறுத்திவைத்தது. வந்தார், பயிற்சியில் ஒத்துழைக்கவில்லை என்று ஓர் ஆட்டம் இடைநீக்கம். அதன் பிறகு, மனத்தளவில் ஆடத் தயாராக இல்லை என்றார். இந்த வரிசையைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். முதலில் மாற்றம் கேட்டவன், பணம் நின்றதும் நோய் என்கிறானாம்.

சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். பேரம் பேசுகிறவனுக்கு நோய் வரக்கூடாது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்த ஒரு கோடைக்குப் பிறகு ஒருவர் அந்த அரங்குக்குள் நுழைய அஞ்சினால் அது நாடகமா நோயா? இரண்டும் கலந்திருக்கக்கூடாதா? அணி அவரைத் தன் மருத்துவரிடம் வரச் சொன்னது. அவர் சங்கத்தின் வழியாகக் கிடைத்த நிபுணரிடம் போனார். விவரம் தரவில்லை என்று அணி அபராதத்தைத் தொடர்ந்தது. ஆடத் தவறிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆண்டுச் சம்பளத்தில் 91.6இல் ஒரு பங்கு, 3.3 கோடி டாலருக்கு அது சுமார் 3.6 லட்சம். 2022 பிப்ரவரியில் புரூக்ளினுக்கு மாற்றப்படும்போது இழப்பு 2 கோடி டாலரை நெருங்கியிருந்தது. சங்கம் அவர் சார்பில் நடுவரிடம் முறையிட்டது. மனநோய் காரணமாக ஆடாத வீரருக்குச் சம்பளம் உண்டா, அதை யார் சான்று சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்திருந்தால் அது காலத்துக்கும் நின்றிருக்கும். ஆகஸ்டில் இரு தரப்பும் ரகசியமாகச் சமரசம் செய்துகொண்டன. தீர்ப்பு எழுதப்படவில்லை. ஆக, அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புரூக்ளினில் அவருக்கு முதுகு வலி வந்து மே மாதம் அறுவை சிகிச்சை நடந்தது; அதற்கான சம்பளத்தை யாரும் பிடிக்கவில்லை.

வழி தெரியாமல் இப்படி நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. மயாமி ஹீட்டின் கிறிஸ் பாஷுக்கு நுரையீரலில் ரத்த உறைவு கண்டுபிடிக்கப்பட்டது 2015இல். அடுத்த ஆண்டு உறைவு மறுபடி வந்தது. அவர் ஆட விரும்பினார், அணி மறுத்தது. அந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த 2017 கூட்டு ஒப்பந்தம் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கென ஆடும் தகுதிக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. கழகம் ஒரு மருத்துவரை நியமிக்கும், சங்கம் ஒருவரை, மூன்றாமவரை இருவரும் சேர்ந்து. பாஷ் விவகாரம் அந்த வழியில் முடிந்தது. முதலாளி தரப்பு மருத்துவரையும் தொழிலாளி தரப்பு மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து நடுவில் ஒரு பொது ஆளைப் போடுவது. பஞ்சாயத்தில் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ராய்ஸ் வைட் கேட்டதற்கு மிக நெருக்கமான ஏற்பாடு அது. ரத்தத்துக்கு அந்தக் கதவு திறந்தது. சிம்மன்ஸ் தகராறு அந்தக் குழுவிடம் போகவில்லை. பருவமெல்லாம் கழிந்த பிறகு சமரசத்தில் முடிந்தது.

சிகிச்சை என்ற சொல்லே இப்போது இரண்டு பக்கமும் இழுபடுகிறது. 2023 டிசம்பரில் எதிரணி வீரரை முகத்தில் அடித்த டிரேமண்ட் கிரீனைக் கழகம் காலவரையின்றி இடைநீக்கம் செய்தது. 12 ஆட்டங்களுக்குப் பிறகு அவரைத் திரும்ப அனுமதித்த அறிக்கையில், ஆலோசகரைச் சந்தித்துவருகிறார் என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. கிரீனுக்கு அது நல்லதே செய்திருக்கலாம். ஆனால் ஆலோசகரிடம் போவது தண்டனை முடிவதற்கான சான்றாக மாறினால், தானாகப் போக நினைக்கும் இருபது வயதுப் பையன் அந்த அறைக் கதவை எப்படிப் பார்ப்பான்? அதே ஆண்டு வந்த இன்னொரு விதி: நட்சத்திர வீரர்களைக் காரணமின்றி உட்காரவைத்தால் அணிக்கு முதல் முறை 1 லட்சம் டாலர், இரண்டாம் முறை 2.5 லட்சம் அபராதம். 65 ஆட்டங்கள் ஆடாதவருக்குப் பெரிய விருதுகளும் இல்லை. பணம் கொடுத்துப் பார்க்க வரும் ரசிகரின் பக்கத்தில் இவ்விதிகளுக்கு நியாயம் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் ‘காரணம்’ என்றால் என்ன என்ற பழைய கேள்வியின் எடையை இவை கூட்டிவிட்டன.

கழகத்தைக் குறை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2012க்கும் இன்றைக்கும் தூரம் அதிகம். 2023 ஆகஸ்டில் ரிக்கி ரூபியோ மனநலத்துக்காக ஆட்டத்தை நிறுத்திவைக்கிறேன் என்றபோது கவாலியர்ஸ் அவரை நெருக்கவில்லை. 2024 ஜனவரியில் இரு தரப்பும் இணக்கமாகக் கணக்கை முடித்துக்கொண்டன, அவர் என்பிஏவிலிருந்து ஓய்வுபெற்றார். ஆனால் அது அந்த நிர்வாகத்தின் நல்ல மனம். வேறோர் ஊரில், வேறொரு நிர்வாகத்தின் கீழ், பெரிய ஒப்பந்தத்தின் நடுவில் இருக்கும் வீரருக்கு அதே நல்ல மனம் கிடைக்கும் என்று எழுத்தில் எங்கும் இல்லை.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029–30 பருவம் வரை. அடுத்த பேரத்தில் வருவாய்ப் பங்கும் சம்பள உச்சவரம்பும்தான் நாள்கணக்கில் பேசப்படும். மூன்று மருத்துவர் குழுவின் வரம்பில் மனநலத்தையும் சேர்க்க ஒரு பத்தி போதும். அதைக் கேட்டபோது ராய்ஸ் வைட்டுக்கு வயது 21. என்பிஏவில் அவர் ஆடியது மொத்தம் 3 ஆட்டங்கள், 2014 மார்ச்சில், சாக்ரமெண்டோ கிங்ஸுக்காக. எடுத்த புள்ளி ஒன்றுமில்லை.